அமைப்பு மாற்றி: ஒரு சிறு கருவியின் வளர்ச்சி

தோற்றுவாய்

ஒரு மண்டபத்தில் மேடை ஒன்றே உளது. மாலையில் அங்கே சமயச் சொற்பொழிவு நிகழ்கின்றது; இரவில் நாடகம் நடைபெறுகின்றது. சொற்பொழிவுக்கு வேண்டியன ஒரு மேசையும் ஒலிவாங்கியுமே. நாடகத்துக்கோ திரைகளும் விளக்குகளும் பல்வகைப் பொருள்களும் வேண்டும். இரண்டற்கும் உரியவற்றை ஒருங்கே மேடையில் ஏற்றினால் நடிப்போர்க்கு நிற்கவும் இடம் இராது. ஆதலின், ஒன்று முடிந்தபின் மேடையை ஒழித்து மற்றொன்றுக்கு ஏற்ப அமைத்தல் இன்றியமையாததாகின்றது.

டொஸ் என்னும் இயங்குதளத்தைக் கொண்ட கணினிகளின் நிலையும் இதுவே. அக்கணினிகள் வீடுகளிலும் அலுவலகங்களிலும் பெருவழக்காயிருந்த 1980களிலும் 1990களின் முற்பகுதியிலும், ஓர் அமைப்பிலிருந்து மற்றோர் அமைப்புக்குக் கணினியை மாற்றுதற்கெனச் சிறு செய்நிரல்கள் பல தோன்றின. அவற்றை ‘அமைப்பு மாற்றி’ என்று ஈண்டு வழங்குவாம். ஒரு கருவி குறை காணுந்தோறும் எவ்வாறு திருந்துகின்றது என்பதை இச்சிறு கருவியைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கணினியை ஒரு பாடமாகப் பயிலாதோரும் விளங்கிக்கொள்ளுமாறு அடிப்படையிலிருந்து தொடங்குவாம்.

இடத்தின் எல்லை

ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை 1981 ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதனுள் அமைந்த இன்ரெல் 8088 என்னும் செயலி 20 முகவரிக் கம்பிகளை உடையது. இருபது கம்பிகளாற் சுட்டத்தக்க இடங்கள் 1,048,576. அஃதாவது 1024 கிலோபைற். இதன் மேற்பகுதியாகிய 384 கிலோபைற், திரைக்கும் கணினியின் நிலையான உட்செய்நிரலுக்கும் பிறவற்றுக்கும் ஒதுக்கப்பட்டது. எஞ்சிய 640 கிலோபைற்றே செய்நிரல்கள் தங்குமிடம். பிற்காலத்தில் பல மெகாபைற் நினைவகம் பொருத்தப்பட்டபோதும், டொஸ் செய்நிரல்கள் இயல்பாக வாழ்ந்த இல்லம் இந்த 640 கிலோபைற்றேயாம்.

இவ்வில்லத்தில் முதலிற் குடிபுகுவது டொஸ். பின்னர் மவுஸ், குறுந்தட்டு, வலையமைப்பு ஆகியவற்றின் இயக்கிகள் ஒவ்வொன்றாகப் புகும். எவையெவை புகவேண்டும் என்பதை இரண்டு கோப்புக்கள் உரைக்கும். ஒன்று, 1983 இல் வந்த டொஸ் 2.0 பதிப்போடு அறிமுகமான கொன்பிக்.சிஸ். மற்றையது ஓட்டோஎக்செக்.பற். கணினி தொடங்கியவுடன் டொஸ் முதற்கோப்பை வாசித்து இயக்கிகளை ஏற்றும். அதன்பின் இரண்டாங் கோப்பிலுள்ள கட்டளைகள் வரிசையாக நிறைவேறும்.

கொன்பிக்.சிஸ் வழியாகப் புகுந்த ஓர் இயக்கியைப் பின்னர் வெளியேற்றுதல் பெரும்பாலும் இயலாது. ஆதலின் கோப்பை மாற்றிவிட்டுக் கணினியை மீளத் தொடக்குதலே வழி. அமைப்பு மாற்றியின் தேவை இங்கேதான் பிறக்கின்றது.

முரண்படும் இரு தேவைகள்

எல்லாச் செய்நிரல்களுக்கும் பொருந்தும் ஓர் அமைப்பை ஒருமுறை ஆக்கிவைத்தால் ஆகாதோ என வினவலாம். ஆகாது என்பதற்கு ஒரே நிறுவனத்தின் இரு விளையாட்டுக்களே சான்று. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து ஒறிஜின் நிறுவனம் 1990 இல் விங் கொமாண்டர் என்பதனை வெளியிட்டது. விரிநினைவகம் இருப்பின் அவ்விளையாட்டு அதனைப் பயன்படுத்திக் கூடுதலான காட்சிகளைக் காட்டிற்று. 80386 செயலியுள்ள கணினிகளில் விரிநினைவகத்தை வழங்கியது ஈ.எம்.எம்.386 என்னும் நினைவக மேலாளர். அந்நிறுவனமே 1992 இல் வெளியிட்ட அல்ற்றிமா 7, தனக்கென வேறோர் நினைவக முறையைக் கொண்டது; ஈ.எம்.எம்.386 ஏற்றப்பட்டிருப்பின் அஃது இயங்க மறுத்தது. ஒன்று வேண்டுவதை மற்றொன்று வெறுத்தது.

மேலாளரை நீக்கிவிடுவோமெனின் அதிலும் இடர் உண்டு. 640 கிலோபைற்றுக்கு மேலுள்ள வெற்றிடங்களைத் திறந்து இயக்கிகளை அங்கே குடியேற்ற உதவியதும் அம்மேலாளரே. அதனை நீக்கினால் மேலே இருந்தவை கீழிறங்கி நெருக்கும். இவ்வாறே அலுவலகக் கணக்குக்கு வலையமைப்பு இயக்கி வேண்டும். பெரிய விளையாட்டுக்கு அவ்வியக்கி இடத்தை அடைக்கும் சுமை. ஆகவே ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புக்களை வைத்திருத்தல் உண்மையான தேவையே என்பது பெறப்படும்.

முதல் நிலை: படியெடுத்தல்

கருவியின் முதல் வடிவம் மிக எளிது. அலுவலுக்கு ஓரிணைக் கோப்பு, விளையாட்டுக்கு ஓரிணைக் கோப்பு என வெவ்வேறு பெயரில் எழுதி வைத்துக்கொள்வர். வேண்டிய இணையை உரிய பெயர்களிற் படியெடுக்குமாறு இரண்டு வரிக் கட்டளைத் தொகுதியொன்றை ஆக்குவர். அதனை இயக்கியபின் கொன்ற்றோல், ஓல்ற், டிலீற் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் கணினி புதிய அமைப்போடு தொடங்கும். செய்நிரலாக்கம் கல்லாதோரும் ஆக்கத்தக்க கருவி இது. பலர் இதனோடு அமைந்தனர்.

இரண்டாம் நிலை: பெயரறிதல்

சிலநாளில் ஒரு குறை வெளிப்பட்டது. புதிய செய்நிரலொன்றை நிறுவும்போது, நிறுவியானது நடப்பிலுள்ள கொன்பிக்.சிஸ் கோப்பைத் திறந்து தனக்கு வேண்டிய வரிகளைத் தானே சேர்த்துவிடும். மூலக் கோப்போ அதனை அறியாது. அடுத்தமுறை அமைப்பை மாற்றும்போது அவ்வரிகள் சுவடின்றி அழியும். நேற்று இயங்கியது இன்று இயங்காதது ஏனெனப் பயன்படுத்துவோர் திகைப்பர்.

இதற்குத் தீர்வு, மாற்றுவதற்கு முன் நடப்பிலுள்ள கோப்புக்களை அவற்றிற்குரிய இணைக்கே திரும்பப் படியெடுத்தல். ஆனால் நடப்பிலிருப்பது எந்த இணை என்பதைக் கருவி அறிதல் வேண்டுமன்றோ? ஆதலின் ஓட்டோஎக்செக்.பற் கோப்பின் தலையில் இணையின் பெயரை ஒரு குறிப்பு வரியாகப் பொறித்தனர். கருவி அவ்வரியை வாசித்துப் பழையதை உரிய இடத்திற் சேமித்தபின்னரே புதியதைக் கொணரும். வெறும் படியெடுப்பாயிருந்த ஒன்று தன்னிலையை நினைவிற்கொள்ளும் கருவியாயிற்று.

மூன்றாம் நிலை: இடையில் அறுதல்

கோப்பின்மேற் கோப்பைப் படியெடுக்குங்கால், முதலிற் பழையதன் உள்ளடக்கம் நீங்கும்; பின்னரே புதியது எழுதப்படும். அவ்விடைவேளையில் மின்சாரம் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்றாகும். மின்தடையை நன்கறிந்த நம் நாட்டார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. முதற்கோப்பு மாறி இரண்டாவது மாறாது நிற்றலும் கூடும். அப்போது குறுந்தட்டு இயக்கியை ஏற்றாத கொன்பிக்.சிஸ் கோப்பும், அவ்வியக்கியைத் தேடும் ஓட்டோஎக்செக்.பற் கோப்பும் இணைந்து, இயக்கி காணப்படவில்லை என்னும் அறிவிப்பே திரையில் தோன்றும்.

திருந்திய கருவி வேறொரு முறையைக் கையாளும். புதிய கோப்புக்களை முதலில் தற்காலிகப் பெயரில் முழுமையாக எழுதும். எழுதியதை மூலத்தோடு ஒப்புநோக்கும். பின்னர்ப் பழைய கோப்பின் பெயரை மாற்றி ஒதுக்கிவைத்து, புதியதற்கு உரிய பெயரை இடும். முன்னரே ஒரு கோப்புக்கு உள்ள பெயரை மற்றொன்றுக்குச் சூட்ட டொஸ் இசையாது. ஆதலின் இவ்வரிசை பிறழலாகாது. இம்முறையில் எந்தக் கணத்தில் மின்சாரம் நின்றாலும் பழைய கோப்பு வேறு பெயரிலேனும் முழுமையாக எஞ்சும். கொன்பிக்.சிஸ் இல்லாத வேளையிலும் டொஸ் இயல்பான ஏற்பாட்டோடு தொடங்கும் ஆதலின், வேண்டியதைக் கையாற் பெயரிட்டு மீட்டுக்கொள்ளலாம்.

நான்காம் நிலை: எழுதப்படாத எழுத்து

மூன்று விசைகளை அழுத்தும் தொல்லையும் எதற்கு எனக் கருதிய ஆக்குநர், கருவியே கணினியை மீளத் தொடக்குமாறு செய்தனர். செயலி தன் வேலையைத் தொடங்கும் முகவரிக்கு நேரே தாவினால் அது நிகழும். அதற்குமுன் குறித்ததோரிடத்திற் பதினாறடிமானத்து 1234 என்னும் எண்ணை வைத்தால், தொடக்கத்து நினைவகச் சோதனையும் தவிர்க்கப்படும்.

ஆனால் இவ்வசதி புதியதோர் இடரைக் கொணர்ந்தது. 1992 இல் வந்த விண்டோஸ் 3.1 உடன் வழங்கப்பட்ட ஸ்மாட்றைவ், வட்டில் எழுதவேண்டியதை உடனே எழுதாது சிறிதுநேரம் நினைவகத்தில் வைத்திருக்கும் இயல்புடையது. கருவியோ எழுதி முடிந்தது என நம்பித் தாவிவிடும். எழுத்து வட்டை அடையுமுன் நினைவகம் வெறுமையாகும். அமைப்பு மாறாமையோடு, வேறு செய்நிரல்கள் எழுதக் காத்திருந்தவையும் அதனோடு அழியக்கூடும். ஆகவே தாவுவதற்கு முன், நிலுவையிலுள்ளவற்றை எழுதிமுடிக்குமாறு ஸ்மாட்றைவுக்குக் கட்டளையிடும் பகுதி சேர்க்கப்பட்டது. விரைவுக்காகச் சேர்த்த ஒன்றினைக் காத்தற்கு மற்றொன்றைச் சேர்க்க நேர்ந்தமை கருதத்தக்கது.

இங்ஙனம் வளர்ந்தபோதும் நல்ல கருவி ஒரு வரம்பைக் கடவாது. இடத்தை மிச்சப்படுத்துதற்கென எழுந்தது இடத்தை அடைத்து நிற்றல் தகாது. தன் வேலை முடிந்ததும் நினைவகத்தை விட்டு நீங்குதலே அதற்குரிய ஒழுக்கம்.

தளமே தெரிவைத் தந்தமை

1991 இல் வந்த டி.ஆர். டொஸ் 6, கொன்பிக்.சிஸ் வரிகளில் வினாக்குறி இட்டால் ஏற்றலாமா என வினவித் தொடங்கும் ஆற்றலுடையதாயிருந்தது. மைக்ரோசொப்ற் நிறுவனம் 1993 இல் வெளியிட்ட எம்.எஸ். டொஸ் 6.0, ஒரே கோப்பிற் பல அமைப்புக்களைப் பகுதி பகுதியாக எழுதவும், தொடக்கத்திற் பட்டியலைக் காட்டி ஒன்றைத் தெரியவும் வழிசெய்தது. தெரிந்த பகுதியின் பெயர் இரண்டாங் கோப்புக்கும் எட்டுமாதலின் அதுவும் அதற்கேற்பக் கிளைத்தது. எஃப்5 விசையை அழுத்தின் இரு கோப்புக்களும் தவிர்க்கப்பட்டுத் தளம் மட்டும் தொடங்கும். எஃப்8 விசையை அழுத்தின் கொன்பிக்.சிஸ் கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் இசைவு கேட்கப்படும். அமைப்புத் தவறிக் கணினியே தொடங்காது நின்றோர்க்கு இவ்விரு விசைகளும் பேருதவியாயின.

எனினும் பழைய குறை வேறுருவில் மீண்டது. பகுதிகளை அறியாத நிறுவிகள் தம் வரிகளைக் கோப்பின் இறுதியிற் சேர்த்தன. அவை கடைசிப் பகுதிக்கு மட்டுமே உரியனவாய்விட்டன. இதனைத் தடுக்க, யாவற்றுக்கும் பொதுவானதோர் வெறும் பகுதியைக் கோப்பின் இறுதியில் வைக்கும் வழக்கம் உண்டாயிற்று. தனித்தனிக் கோப்புக்களைக் கையாளும் சிறு கருவியில் இக்குழப்பம் இல்லை. பழைய டொஸ் பதிப்புக்களை உடையோர்க்கும் அதுவே துணையாயிருந்தது.

இன்றைய நிலை

டொஸ் முற்றாக மறைந்துவிடவில்லை. ஜிம் ஹோல் என்பார் 1994 இல் தொடக்கிய பிறீடொஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம் 2006 இல் 1.0 பதிப்பையும் 2025 இல் 1.4 பதிப்பையும் கண்டது. பழங் கணினிகளைப் பேணுவோரும் அதனைப் போற்றுகின்றனர்.

அத்தளம் முதலில் எஃப்டிகொன்பிக்.சிஸ் என்னும் கோப்பைத் தேடும்; அஃது இல்லையெனின் மட்டுமே கொன்பிக்.சிஸ் கோப்பை நாடும். அதன் பட்டியல் எழுதும் முறையும் எம்.எஸ். டொஸ் முறையின் வேறானது. ஆகவே பழைய கருவியொன்று கொன்பிக்.சிஸ் கோப்பைச் செவ்வனே மாற்றிவிட்டு வெற்றியென அறிவித்தாலும், பிறீடொஸ் அதனைப் பாராமலே தொடங்குதல் கூடும். எந்தத் தளத்தில் நிற்கின்றோம் என முதலில் அறிந்து, அத்தளம் வாசிக்கும் கோப்பையே மாற்றுதல் இன்று இக்கருவியை ஆக்குவோர் மேற்கொள்ளவேண்டிய அடுத்த படியாகும். சில நூறு வரிகளில் அடங்கும் கருவியாயினும், அதன் வளர்ச்சி முடிந்ததெனக் கூற இயலாமைக்கு இதுவே காரணம்.

முடிவுரை

மேற்கூறிய நிலைகளைத் தொகுத்து நோக்கின், ஓருண்மை புலனாகும். அமைப்பை மாற்றும் தொழில் முதல்நாளில் இரண்டு வரிகளிலேயே நிறைவேறிற்று. அதன்பின் சேர்ந்தவற்றுட் பெரும்பாலானவை பழையதை இழவாது பேணுதற்கும், இடையில் அறுந்தால் மீளுதற்கும், செய்ததாகச் சொன்னது உண்மையிற் செய்யப்பட்டதா என உறுதிப்படுத்துதற்கும் உரியன. மாற்றுதல் எளிது, மீளும் வழியோடு மாற்றுதலே கல்வி.

ஒருவர் தம் பல நாளைய உழைப்பைச் சேமித்துவைத்த கணினியை ஒரு சிறு கருவியை நம்பி ஒப்படைக்கின்றார். கருவியின் ஆக்குநரை அவர் கண்டதில்லை. அந்நம்பிக்கைக்கு ஈடாக ஆக்குநர் தரக்கூடியது, தவறு நேர்ந்த வேளையிலும் முன்னிருந்த நிலைக்குத் திரும்பலாம் என்னும் உறுதியேயாம். செய்நிரல் எழுதப் புகும் மாணாக்கர், புதிய வசதியொன்றைச் சேர்க்குமுன் இவ்வுறுதி குறைகின்றதா என்பதை ஆராய்வாராக. அங்ஙனம் ஆராய்ந்து ஆக்கும் கருவி சிறிதாயினும் நெடுங்காலம் பயன்படும் என்பது இக்கட்டுரையின் துணிபு.