ரெண்டு கார்டு போட்டா ரெண்டு மடங்கு வேகம் வருமா?

உங்க பிசியில் ஒரு கிராபிக்ஸ் கார்டு இருக்கு. கேம்ல 50 எஃப்பிஎஸ் வருது. அதே மாடல் செகண்ட் ஹேண்டில் மலிவா கிடைக்குது, மதர்போர்டில் இன்னொரு ஸ்லாட்டும் காலி. அதையும் வாங்கிப் போட்டா 100 வரும்தானே? செகண்ட் இயர்ல நானும் இப்படித்தான் கணக்குப் போட்டு, சேர்த்து வச்ச காசைக் கொடுத்து ரெண்டாவது கார்டு வாங்கினேன். ஸ்கிரீன்ல நம்பர் ஏறிச்சு, ஆனா கேம் திணறிச்சு. ஏன்னு அப்புறம்தான் படிச்சேன். நீங்க வாங்குறதுக்கு முன்னாடியே படிச்சிடுங்க.

வரியைப் பிரித்த காலம்

1998-ல் த்ரீடிஎஃப்எக்ஸ் நிறுவனம் வூடூ 2 கார்டை வெளியிட்டது. இரண்டு வூடூ 2 கார்டுகளை இணைத்தால், திரையின் ஒற்றைப்படை வரிகளை ஒன்றும் இரட்டைப்படை வரிகளை மற்றொன்றும் வரையும். இதற்குப் பெயர் ஸ்கேன் லைன் இன்டர்லீவ், சுருக்கமாக எஸ்எல்ஐ. பிறகு அந்த நிறுவனத்தின் சொத்துகளை என்விடியா வாங்கியது. 2004-ல் ஸ்கேலபிள் லிங்க் இன்டர்ஃபேஸ் என்ற புது விரிவோடு அதே மூன்று எழுத்தைத் திரும்பக் கொண்டு வந்தது. 2005-ல் ஏடிஐ தன் பங்குக்கு கிராஸ்ஃபயரை இறக்கியது.

இந்தப் புது முறையில் வரிகளைப் பிரிக்கவில்லை. பெரும்பாலும் ஃபிரேம்களையே பிரித்தார்கள். முதல் ஃபிரேமை ஒரு கார்டு, அடுத்த ஃபிரேமை இன்னொரு கார்டு என்று மாறி மாறி வரையும்.

பஸ் கணக்கு

இங்கதான் சிக்கல். ஒரு மணி நேர ரூட்டில் ஒரு பஸ் ஓடுதுன்னு வைங்க. இன்னொரு பஸ் விட்டா ஸ்டாப்ல காத்திருக்கிற நேரம் குறையும். ஆனா ஏறி உட்கார்ந்த பிறகு பயணம் அதே ஒரு மணி நேரம்தான். ஒரு ஃபிரேமை வரைய கார்டுக்கு 20 மில்லிசெகண்ட் ஆகும்னா, ரெண்டு கார்டு இருந்தாலும் ஒவ்வொரு ஃபிரேமும் 20 மில்லிசெகண்ட் எடுக்கும். மவுஸை அசைச்சா அது திரையில் தெரியிற தாமதம் பாதியாகாது.

அடுத்தது, ரெண்டு பஸ்ஸும் ஒட்டிக்கிட்டு வந்துட்டு அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே வராது, பார்த்திருப்பீங்க. ஃபிரேமும் அப்படித்தான். 10, 10 என்று சீராக வர வேண்டிய இடைவெளி 3, 17, 3, 17 என்று வந்தாலும் சராசரி 100 எஃப்பிஎஸ்தான். ஆனா கண்ணுக்குத் தெரியிறது அந்த 17. அதாவது கிட்டத்தட்ட 59 எஃப்பிஎஸ் ஓடுற மாதிரிதான் இருக்கும். இதைத்தான் மைக்ரோ ஸ்டட்டர் என்கிறோம். அதனால ரிவ்யூ பார்க்கும்போது சராசரியை மட்டும் பார்க்காம ஃபிரேம் டைம் கிராஃபையும் பாருங்க.

மெமரியும் கூடாது. ரெண்டு கார்டும் ஒரே காட்சியை வரைவதால் அதே டெக்ஸ்சர்கள் ரெண்டிலும் இருக்கணும். 4 ஜிபியும் 4 ஜிபியும் சேர்ந்து கேமுக்கு 4 ஜிபிதான்.

ஏன் கைவிட்டார்கள்?

இப்போதைய கேம்கள் விளிம்புகளை மென்மையாக்க முந்தைய ஃபிரேமின் தகவலைப் பயன்படுத்துகின்றன. அந்த முந்தைய ஃபிரேம் இருப்பது மற்ற கார்டில். அது முடியும்வரை காத்திருந்து, காப்பி செய்து, பிறகுதான் தொடர முடியும். ஒருத்தர் முடிச்சாதான் அடுத்தவர் ஆரம்பிக்க முடியும்னா, ரெண்டு பேர் இருந்தும் என்ன பிரயோஜனம்?

2015-ல் வந்த டைரக்ட்எக்ஸ் 12, வேலையைப் பிரிக்கும் பொறுப்பை கேம் எழுதுபவர்களிடமே கொடுக்க வழி செய்தது. ரெண்டு கார்டு வச்சிருக்கிற சிலருக்காக அவ்வளவு உழைக்கப் பெரும்பாலானவர்கள் தயாராக இல்லை. 2020-ல் வெளியான ஆர்டிஎக்ஸ் 30 வரிசை கார்டுகளில் 3090-க்கு மட்டும்தான் இணைப்பு வசதி இருந்தது. பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்எல்ஐ புரொஃபைல் சேர்ப்பதை 2021 ஜனவரியோடு என்விடியா நிறுத்தியது. 2022-ல் வந்த 4090-ல் அந்த இணைப்பே கிடையாது.

அப்போ எங்க பயன்படும்?

வேலை தனித்தனியாகப் பிரியும் இடத்தில். பிளெண்டர் சைக்கிள்ஸில் ஒரு படத்தின் வேலையைப் பல கார்டுகள் பங்கு போட்டுக்கொள்ளும். நியூரல் நெட்வொர்க் டிரெயினிங்கில் டேட்டாவைப் பிரித்துக் கொடுக்கலாம். பெரிய மாடலின் லேயர்களைப் பாதிப் பாதியாக ரெண்டு கார்டு மெமரியில் வைக்கவும் முடியும். இதுக்கெல்லாம் எஸ்எல்ஐ தேவையே இல்லை. ஃபைனல் இயர் புராஜெக்ட் இந்த மாதிரின்னா ரெண்டாவது கார்டைத் தாராளமா யோசிக்கலாம். பவர் சப்ளை தாங்குமா, கேபினெட்டில் காற்று போக இடம் இருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்க.

கேமுக்குத்தான்னா, இருக்கிற கார்டை வித்துட்டு, ரெண்டாவதுக்கு ஒதுக்கின காசையும் சேர்த்து நல்ல கார்டா ஒண்ணு வாங்குங்க. நான் கடைசியில் செஞ்சதும் அதுதான். என்ன, எனக்கு ரெண்டு கார்டு விற்க வேண்டியிருந்தது.