கீமோ ஏற்றத் தொடங்கும்போது சாப்பாடும் கவனிப்பும்

தோட்டத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தவுடன் லயத்தில் முதலில் நடப்பது சாப்பாட்டுக்குத் தடை போடுவதுதான். "முட்டை சூடு, குடுக்காதே." "கருவாடு கிரந்தி, ஆகவே ஆகாது." "பருப்பு வாயு." பக்கத்து வீட்டு மாமி ஒன்று சொல்வார், டவுனில் இருந்து பார்க்க வரும் சித்தப்பா இன்னொன்று சொல்வார். கடைசியில் நோயாளிக்கு மிஞ்சுவது சோத்துக் கஞ்சியும் சாயத்தண்ணியும்தான். இப்படிப் பத்தியம் இருந்த உடம்போடு மஹரகமவுக்கோ கண்டிக்கோ பதுளைக்கோ மருந்து ஏற்றப் போகிறவர்கள் முதல் தடவையிலேயே துவண்டு விடுகிறார்கள். "நோயைவிட மருந்துதான் ஆளக் கொல்லுது" என்று இரண்டாம் தடவை போகாமலே நின்றுவிட்ட குடும்பங்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

கீமோ என்பது வேகமாகப் பெருகும் கலங்களை அழிக்கிற மருந்து. புற்றுநோய்க் கலங்கள் வேகமாகப் பெருகுகிறவை. ஆனால் எங்கள் வாயின் உட்தோல், குடல், தலைமயிரின் வேர், இரத்தம் உண்டாகும் என்பு மச்சை ஆகிய இடங்களிலும் நல்ல கலங்கள் வேகமாகப் பெருகுகின்றன. மருந்துக்கு இரண்டையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வாந்தி, வாய்ப்புண், முடி கொட்டுதல், இரத்தக் குறைவு எல்லாம் வருவது இதனால்தான். நல்ல கலங்கள் மறுபடி வளரட்டும் என்றுதான் பெரும்பாலும் இரண்டு மூன்று கிழமை இடைவெளி விட்டு அடுத்த மருந்தை ஏற்றுகிறார்கள். அந்த இடைவெளியில் உடம்பு தன்னைக் கட்டிக்கொள்ளப் புரதம் வேண்டும். கஞ்சியில் அது போதாது.

ஆகவே முட்டை கொடுங்கள். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. அவித்துக் கொடுக்கலாம், அல்லது ரொட்டிக்கு மா பிசையும்போதே ஒன்றை உடைத்து ஊற்றலாம். ஆனால் அரைவேக்காடு வேண்டாம். பருப்பைத் தண்ணியாகக் காய்ச்சாமல் கெட்டியாக வையுங்கள். நெத்தலி, டின் மீன், கடலை, பயறு, சோயா, வீட்டில் மாடு இருந்தால் நன்றாகக் காய்ச்சிய பால், எல்லாம் நல்லதுதான். உப்புக் கருவாட்டை ஊறவைத்து உப்பைக் கழுவிச் சமையுங்கள். சீனி வருத்தமோ சிறுநீரக வருத்தமோ உள்ளவர்கள் மட்டும் எதை எவ்வளவு சாப்பிடலாம் என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாயத்தண்ணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலையில் வேலை செய்கிறவர்களுக்கு அது இல்லாமல் பொழுது விடியாது, எங்களுக்கும் அப்படித்தான். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கோப்பை குடித்தால் வயிறு நிரம்பிப்போகும், சோறு இறங்காது. சாப்பாட்டோடு குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேருவது குறையும். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கட்டும்.

"குடுக்கிறதுக்கு நாங்க தயார், அவர் சாப்புட்டாத்தானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். மருந்து ஏற்றிய சில மணித்தியாலங்களில் குமட்டல் தொடங்கி இரண்டு மூன்று நாள் இருக்கலாம். வாந்திக்கு டாக்டர் தரும் குளிசையை வாந்தி வந்த பிறகு தேடாமல் சொன்ன நேரத்திலேயே கொடுங்கள். அந்த நாட்களில் மூன்று வேளைச் சோறு என்ற கணக்கை விட்டுவிட்டு, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதடவை கையளவு கொடுங்கள். காலையில் எழுந்ததும் காய்ந்த ரொட்டித் துண்டோ கிறேக்கர் பிஸ்கட்டோ கடிக்கலாம். தாளிக்கும் வாசமே சிலருக்குக் குமட்டும். ஒரே காம்பராவில் அடுப்பும் படுக்கையும் இருந்தால், சமைக்கும் நேரம் நோயாளி வாசலில் உட்காரட்டும். சுடச்சுட உள்ள சாப்பாட்டை விட ஆறிய சாப்பாட்டில் வாசம் குறைவு. இஞ்சித் தண்ணி சிலருக்குக் கேட்கும். வாய் கசந்து இரும்பு மாதிரி இருந்தால் தேசிக்காய் பிழிந்து கொடுங்கள். ஆனால் வாயில் புண் வந்துவிட்டால் தேசிக்காய், புளி, மிளகாய்ச் சம்பல் மூன்றையும் நிறுத்துங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை எப்போதுமே கூடாது. வாய்ப்புற்றுக்கு மருந்து எடுக்கிறவர் மடியில் வெற்றிலைப் பொட்டலம் இருப்பதையும் பார்த்திருக்கிறோம்!

வாய்ப்புண்ணுக்கு ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் அதில் பாதியளவு உப்பும் கரைத்து, நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளித்துத் துப்பட்டும். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி ஒரு பக்கட்டை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நாளைக்கு நாலைந்து தடவைக்கு மேல் போனாலும், குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமல் வாந்தி எடுத்தாலும், வீட்டில் வைத்திருக்க வேண்டாம்.

சில மருந்துகள் பார்க்கிறவர்களைப் பயமுறுத்தும். சிவப்பு நிற மருந்து ஏற்றினால் ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது இரத்தமல்ல, மருந்தின் நிறம். குடல் புற்றுக்கு ஏற்றும் ஒருவகை மருந்துக்குப் பிறகு குளிர் பட்டால் விரலும் தொண்டையும் விறைக்கும். அவர்களுக்குக் குளிர்ந்த சாப்பாடும் தண்ணீரும் கொடுக்காதீர்கள், விடியக்காலை பீலித் தண்ணியில் கைவைக்க விடாதீர்கள். முடி கொட்டுவது இரண்டு மூன்று கிழமையில் தொடங்கும், மருந்து முடிந்த பின் வளரும். எல்லா மருந்துக்கும் கொட்டுவதில்லை.

மருந்து ஏற்றி இரண்டு நாள் வரை சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து கலந்திருக்கும். கக்கூசுக்கு நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். துடைக்கிறவர் கையுறையோ பொலித்தீன் பையோ போட்டுக்கொண்டு, பிறகு சவர்க்காரத்தால் கை கழுவட்டும். கர்ப்பிணிகள் அதைத் தொட வேண்டாம்.

இனி மிக முக்கியமானது. மருந்து ஏற்றி ஏறக்குறைய 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளைக் குருதிக் கலங்கள் குறையும். அப்போது கிருமியை எதிர்க்க உடம்பில் ஆள் இல்லை. பழஞ்சோறு, கழுவாத பழம், பச்சை வல்லாரைச் சம்பல் வேண்டாம். வல்லாரையை வதக்கிக் கொடுங்கள். பீலியில் வந்தாலும் குழாயில் வந்தாலும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடுங்கள். நாட்டு மருந்து எதையும் டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள்.

காய்ச்சல் 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட்டுக்கு வந்தால், அல்லது குளிர் நடுக்கம் எடுத்தால், அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. பனடோல் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, "விடியட்டும், டிஸ்பென்சரி திறக்கட்டும்" என்று இருந்தால் உயிர் போய்விடும். பனடோல் சூட்டைத்தான் மறைக்கும், கிருமி உள்ளே பெருகிக்கொண்டே இருக்கும். நடுச்சாமம் என்றாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். லயம் வரைக்கும் ஏறாத ரோடாக இருந்தால், முதல் மருந்து ஏற்றப் போவதற்கு முன்பே ஒரு திரீவீல்காரத் தம்பியிடமோ லொறி டிரைவரிடமோ பேசி வையுங்கள். ஒரு தேர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் "இவர் கீமோ ஏற்றுகிறவர்" என்று சிங்களம் தெரிந்த பிள்ளை ஒருவரைக் கொண்டு எழுதுவியுங்கள். கடைசியாக மருந்து ஏற்றிய திகதியையும் ஒவ்வொரு முறையும் அதற்குக் கீழே குறித்துவிடுங்கள். ராத்திரி டியூட்டி டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.