தொட்டி நீரும் வண்ண மீன் வளர்ச்சியும்

நுழையும்முன்

ஆற்றிலும் குளத்திலும் வாழும் மீன், நீர் கெட்டால் வேறிடம் நாடிச் செல்லும். கண்ணாடித் தொட்டியில் வாழும் வண்ண மீனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அதன் வளர்ச்சியும் வாழ்நாளும் வளர்ப்போரின் அறிவையும் அக்கறையையுமே சார்ந்துள்ளன.

தொட்டியின் அளவா, நீரின் தன்மையா?

தொட்டியின் அளவுக்கேற்பவே மீன் வளரும் என்பது பரவலான நம்பிக்கை. சிறு குடுவையில் பல மாதங்களாக விரலளவே இருக்கும் தங்கமீனை அதற்குச் சான்றாகக் காட்டுவோரும் உளர். ஆனால், நல்ல சூழலில் தங்கமீன் 15 செ.மீ.க்கு மேல் வளரும். பத்தாண்டுகளுக்கு மேலும் வாழும். குடுவையில் அது சிறுத்திருப்பது இடத்திற்கேற்ற இசைவு அன்று; கழிவு தேங்கிய நீரில் வளர்ச்சி தடைப்பட்டதன் அடையாளமாகும்.

கழிவும் நுண்ணுயிரியும்

மீன், தான் உண்ட புரதத்தின் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள்கள் வழியே வெளியேற்றுகிறது. எஞ்சிய உணவு அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. இது செவுள்களைச் சிதைத்து, பசியைக் குறைத்து, வளர்ச்சியைத் தடுக்கும். மணலிலும் வடிகட்டியிலும் வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நச்சுத்தன்மை உடையது. நைட்ரேட் தீமை குறைந்தது.

புதிய தொட்டியில் இப்பாக்டீரியாக்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம். அதற்குள் பல மீன்களை ஒருசேர விடுவது அவற்றின் இறப்புக்கு வழிவகுக்கும். தொட்டி நீர் முழுவதையும் ஒரே நாளில் மாற்றுவதும், வடிகட்டியைக் குழாய்நீரில் கழுவுவதும் தூய்மைப் பணியாகத் தோன்றினும் தீங்கே தரும். குழாய்நீரிலுள்ள குளோரின் பாக்டீரியாக்களை அழிப்பதோடு செவுள்களையும் புண்படுத்தும். எனவே, வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மட்டும், குளோரின் நீக்கிய நீரால் மாற்றுதல் நன்று.

வெப்பமும் உயிர்வளியும்

வெப்பமண்டல மீன்கள் பலவற்றிற்கு 24 முதல் 28 டிகிரி செல்சியசு வெப்பநிலை ஏற்றது. நீர் சூடேறும்போது மீனுக்கு உயிர்வளித் தேவை கூடுகிறது. நீரில் கரையும் உயிர்வளியோ குறைகிறது. ஒரு லிட்டர் நன்னீரில் 20 டிகிரியில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும் உயிர்வளி, 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம் அளவாகக் குறைகிறது. அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் வெப்பத்தோடு மிகுகிறது. ஆதலின் கோடையில் கூடுதல் கவனம் தேவை. உயிர்வளி நீரின் மேற்பரப்பு வழியாகவே உட்புகுவதால், வாய் குறுகிய குடுவையைவிட வாய் அகன்ற தொட்டியே சிறந்தது.

உணவு

வளரும் குஞ்சுகளுக்குப் புரதம் மிகுதியாகத் தேவை. கொசுப்புழு போன்ற உயிருணவு அதனை நிறைவு செய்யும். மீனின் செந்நிறத்திற்கும் மஞ்சள் நிறத்திற்கும் காரணமான கரோட்டினாய்டு நிறமிகளும் உணவின் வழியாகவே கிடைக்கின்றன. எனினும் மிகுதியாக இடும் உணவு, மீனை வளர்ப்பதில்லை; நீரையே கெடுக்கிறது. இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் உண்டு முடிக்கும் அளவே போதுமானது.

நீரே முதல்

சென்னையிலுள்ள கொளத்தூர்ப் பகுதி, வண்ண மீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர்பெற்றது. இத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்களுக்கு, ஒரு தொட்டியின் நீர் கெடுவது பல மாத உழைப்பின் இழப்பாகும். மீனை வளர்ப்பவர் முதலில் வளர்க்க வேண்டியது நீரையே.

கற்பவை கற்றபின்

1. சிறு குடுவையில் தங்கமீன் வளர்ப்பது முறையா? வகுப்பில் கலந்துரையாடுக.
2. உங்கள் பகுதியிலுள்ள வண்ண மீன் வளர்ப்பவர் ஒருவரைச் சந்தித்து, அவர் கோடையில் நீரைப் பேணும் முறையை அறிந்து, கட்டுரையாக எழுதுக.