உங்கள் வேகத்தில் படிக்க உதவும் ஆன்கி

கல்லூரியில் சேர்ந்த மகனுக்கோ மகளுக்கோ புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "இதை வைத்துப் படிக்க என்ன வழி?"

பாட வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003ல் தொடங்கிய என்.பி.டெல். திட்டத்தின் பாடங்களை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். மத்திய அரசின் ஸ்வயம் தளம் 2017 முதல் இயங்குகிறது. ஆனால் பாடத்தைப் பார்ப்பது வேறு. மூன்று மாதம் கழித்துத் தேர்வு அறையில் அது நினைவுக்கு வருவது வேறு. இந்த இரண்டாவது வேலைக்கு நான் பரிந்துரைப்பது ஆன்கி என்னும் இலவச புரோகிராம்.

ஏன் இது தேவை?

வகுப்பில் 60 பேர் இருந்தாலும் பாடம் ஒரே வேகத்தில்தான் நடக்கும். பிளஸ் 2 வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் நடக்கும் பொறியியல் வகுப்பில் உட்காரும் மாணவருக்கு அந்த வேகம் ஒத்துவராது. பாடம் புரியாமல் போவதைவிட, புரிந்த பாடமும் சொற்களும் கைவிட்டுப் போவதுதான் பலருக்கு அரியர் வரக் காரணமாகிறது என்பது என் கருத்து.

மறதிக்கு ஒரு கணக்கு உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, 1885ல் முடிவுகளை வெளியிட்டார். படித்தவை முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் மறந்து போகின்றன என்று அவர் காட்டினார். மொத்தமாகப் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படிப்பது நல்லது என்பதையும் அவரே கண்டார்.

அடுத்தது சுய சோதனை. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை இரண்டு முறை படித்த மாணவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 42 சதவீதம் நினைவில் இருந்தது. ஒருமுறை படித்துவிட்டு, அடுத்த முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் இருந்தது. படித்த ஐந்தாவது நிமிடத்தில் சோதித்தபோது, இரண்டு முறை படித்தவர்களே முன்னால் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். திரும்பத் திரும்பப் படிக்கும்போது "எல்லாம் தெரியும்" என்று தோன்றுவது இதனால்தான்.

இந்த இரண்டையும் இணைத்து, போலந்தில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த வோஸ்னியாக் என்ற மாணவர் 1987ல் சூப்பர்மெமோ என்ற புரோகிராமைத் தன் படிப்புக்காக எழுதினார். டேமியன் எல்ம்ஸ் 2006ல் ஆன்கியை வெளியிட்டார். ஜப்பானிய மொழியில் ஆன்கி என்றால் மனப்பாடம் என்று பொருள்.

இன்ஸ்டால் செய்வது எப்படி?

1. தேடுதளத்தில் ஆன்கிவெப் என்று தேடி, அதன் தளத்தில் விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகியவற்றில் உங்களுக்கு உரியதை டவுன்லோட் செய்திடவும். இதே போன்ற பெயரில் வேறு புரோகிராம்களும் உலவுகின்றன; எச்சரிக்கை தேவை.

2. இன்ஸ்டால் ஆகும்போது இன்டர்நெட் இணைப்பு இருக்கட்டும். பிறகு இணைப்பு இல்லாமலும் படிக்கலாம்.

3. விண்டோவின் கீழே உள்ள கிரியேட் டெக் பட்டனைக் கிளிக் செய்து பாடத்தின் பெயரைக் கொடுங்கள். டெக் என்பது சீட்டுக்கட்டு. ஒரு பாடத்துக்கு ஒரு கட்டு.

4. மேலே உள்ள ஆட் என்பதைக் கிளிக் செய்தால் ஃபிரன்ட், பேக் என்று இரு கட்டங்கள் கிடைக்கும். முதலாவதில் கேள்வியையும் இரண்டாவதில் விடையையும் டைப் செய்திடவும். தமிழ் யூனிகோட் எழுத்துகள் சிக்கலின்றித் தெரியும்.

நல்ல சீட்டு எது?

ஒரு சீட்டில் ஒரே ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். "பைனரி தேடல் பற்றி விளக்குக" என்பது மோசமான சீட்டு. அதையே இப்படிப் பிரியுங்கள்:

"பைனரி தேடலுக்கு முன் பட்டியல் எப்படி இருக்க வேண்டும்?" விடை: வரிசைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும்.

"1,000 பெயர்களில் ஒன்றைத் தேட அதிகபட்சம் எத்தனை ஒப்பீடுகள்?" விடை: 10.

"ஏன் 10?" விடை: ஒவ்வொரு முறையும் பாதி கழிந்துவிடும், 2ஐ 10 முறை பெருக்கினால் 1,024.

தமிழ் வழியில் படித்தவர்கள் ஃபிரன்ட்டில் ஆங்கிலக் கலைச்சொல்லையும், பேக்கில் அதன் பொருளைத் தங்கள் சொந்தத் தமிழிலும் எழுதலாம். டைப் என்ற இடத்தில் "பேசிக் அண்ட் ரிவர்ஸ்டு கார்டு" என்பதைத் தேர்ந்தெடுத்தால், தமிழைக் காட்டி ஆங்கிலச் சொல்லைக் கேட்கும் சீட்டும் தானாகவே உருவாகும். ஆங்கிலத்தில் தேர்வு எழுத இது பெரிதும் கைகொடுக்கும்.

தினமும் செய்ய வேண்டியது

கட்டின் பெயரைக் கிளிக் செய்து ஸ்டடி நவ் பட்டனை அழுத்துங்கள். கேள்வி தோன்றும். விடையை மனதுக்குள் முழுமையாகச் சொல்லிவிட்ட பிறகே ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். விடையுடன் நான்கு பட்டன்கள் வரும். மறந்திருந்தால் எகெய்ன். சிரமப்பட்டு நினைவுக்கு வந்தால் ஹார்ட். சரியாக வந்தால் குட். உடனே வந்தால் ஈஸி. மறந்துபோன சீட்டுக்கு ஹார்ட் கொடுக்காதீர்கள். உங்களுக்கு நினைவிருப்பதாக ஆன்கி எண்ணிக்கொள்ளும்.

நீங்கள் அழுத்தும் பட்டனைப் பொறுத்து அந்தச் சீட்டு சில நிமிடங்களிலோ, சில நாட்களிலோ, சில மாதங்களிலோ திரும்ப வரும். கடினமானவை அடிக்கடி வரும். தெரிந்தவை ஒதுங்கி நிற்கும். ஒரே கட்டை இருவர் படித்தாலும் இருவருக்கும் கால அட்டவணை வேறாக அமையும். வகுப்பறையில் கிடைக்காத வசதி இது.

புதிய சீட்டுகள் நாளொன்றுக்கு 20 என்று ஆன்கி வைத்திருக்கும். கட்டின் ஆப்ஷன்ஸ் பகுதியில் அதை 10 ஆகக் குறைத்துத் தொடங்குங்கள். இரண்டு வாரம் விட்டுவிட்டால் சீட்டுகள் மலைபோல் குவிந்து, திறக்கவே மனம் வராது. தினமும் 20 நிமிடம் போதும்.

சில எச்சரிக்கைகள்

புரியாத பாடத்தைச் சீட்டாக்காதீர்கள். முதலில் புத்தகம், வீடியோ, ஆசிரியர் என்று ஏதாவது ஒரு வழியில் புரிந்துகொள்ளுங்கள். கணக்குகளைப் பேப்பரில் போட்டுப் பார்ப்பதற்கு ஆன்கி மாற்று ஆகாது.

பிறர் செய்த கட்டுகள் இலவசமாகக் கிடைக்கும். செயற்கை நுண்ணறிவு புரோகிராம்களும் நொடியில் சீட்டுகளைத் தயாரித்துத் தரும். அவற்றில் தவறுகள் இருக்கலாம். பாடப்புத்தகத்துடன் ஒப்பிடாமல் சேர்க்க வேண்டாம். மேலும், எதைக் கேள்வியாக்குவது என்று யோசிப்பதே பாதிப் படிப்பு. அந்த வேலையைப் பிறரிடம் விடுவது உங்களுக்குத்தான் நஷ்டம்.

ஆன்கிவெப் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, மேலே உள்ள சிங்க் பட்டனை அழுத்தினால் சீட்டுகளின் நகல் அங்கும் சேரும். ஆண்ட்ராய்டு போனில் ஆன்கிட்ராய்டு இலவசம். அதே கணக்கைக் கொடுத்தால் பஸ்ஸிலும் படிக்கலாம். ஐபோனுக்கான ஆன்கிமொபைலுக்குக் கட்டணம் உண்டு.

இன்று நடந்த ஒரு பாடத்தை எடுத்து ஐந்தே ஐந்து சீட்டுகள் தயாரியுங்கள். ஒரு வாரம் கழித்து எந்தச் சீட்டுக்கு எகெய்ன் அழுத்துகிறீர்கள் என்று கவனியுங்கள். அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.