வீட்டு நிலத்தைத் திருத்துதல்: பூச முன் கீழே பாருங்கள்

கூரைக்குத் தகரம் போட்டு, கதவு யன்னலுக்கு ஒரு மறைப்பும் கட்டிவிட்டால், அடுத்த கவலை நிலம். பாய் விரித்துப் படுப்பதும், பிள்ளைகள் இருந்து படிப்பதும், சோறு பரிமாறுவதும் நிலத்தில்தான். பல ஆண்டுகள் ஆளில்லாமல், மழையும் வெயிலும் நேரே பட்டுக் கிடந்த சீமெந்து நிலம் வெடித்தும் தாழ்ந்தும் புழுதி கிளம்பியும் இருக்கும். கையில் கொஞ்சம் காசு வந்ததும் இரண்டு பை சீமெந்து வாங்கி மேலே ஒரு பூச்சுப் பூசிவிடலாம் என்று தோன்றும். கீழே உள்ள பழுதைக் கவனிக்காமல் பூசினால், அந்தப் பூச்சு அடுத்த மாரியிலேயே தகடு தகடாகக் கிளம்பிவிடலாம். காசும் கூலியும் அதோடு போய்விடும்.

இந்தப் பாடத்தில் நீங்கள் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: நிலம் ஏன் பழுதானது என்று முதலில் கண்டுபிடியுங்கள். அதன் பிறகு சீமெந்துப் பையைத் திறவுங்கள்.

1. அலவாங்கை எடுக்க முன்

உங்கள் வளவு கண்ணிவெடி அகற்றப்பட்ட பகுதி என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். அப்படி அறிவிக்கப்பட்டிருந்தாலும், உடைந்த நிலத்தின் கீழும் இடிபாடுகளுக்குள்ளும் வெடிக்காத பொருள்கள் இருக்கக்கூடும். கிண்டும்போது அறிமுகமில்லாத இரும்புத் துண்டோ, துருப்பிடித்த உருளையோ, வயரோ தெரிந்தால் அதைத் தொடவேண்டாம். தட்டிப் பார்க்கவும் வேண்டாம். வேலையை அப்படியே நிறுத்தி, பிள்ளைகளை விலக்கி, வந்த வழியாலேயே திரும்புங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியும்படி ஓர் அடையாளம் வைத்துவிட்டு, கிராம அலுவலருக்கோ, பொலிசுக்கோ, கண்ணிவெடி அகற்றும் குழுவினருக்கோ அறிவியுங்கள். குப்பையையும் பற்றையையும் அந்த இடத்தில் கொளுத்த வேண்டாம். மண்ணுக்குள் கிடப்பது சூட்டில் வெடிக்கலாம்.

நிலத்தை உயர்த்த மண் தேவைப்படும்போது, கிட்ட இருக்கிறது என்பதற்காகப் பழைய மண் அணைகளிலிருந்து மண் வெட்ட வேண்டாம். அந்த மண்ணோடு ஆபத்தும் வீட்டுக்குள் வந்துவிடும். பாதுகாப்பானது என்று தெரிந்த இடத்திலிருந்து மட்டும் மண் எடுங்கள்.

உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் துண்டுகள் நிலத்தில் கிடந்தால் காய்ந்தபடி கூட்ட வேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கையும் வாயையும் மூடிக்கட்டிக்கொண்டு பொறுக்குங்கள். பொறுக்கியதை உடைக்காமல் பையில் கட்டிப் புறம்பாக வையுங்கள். நிலத்தின் கீழ் நிரப்புவதற்கு அதைப் பயன்படுத்த வேண்டாம்.

வீட்டுத்திட்ட உதவிக்குப் பதிந்திருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு விடயம். முன்னர் நடந்த இந்திய வீடமைப்புத் திட்டத்தில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும் சேதமடைந்த வீட்டைத் திருத்த 250,000 ரூபாவும் கட்டம் கட்டமாக வழங்கப்பட்டன. இப்படியான திட்டங்களில் சேதத்தைப் பார்வையிட்டுத்தான் எந்த உதவி என்று தீர்மானிப்பார்கள். ஆகவே தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்துப் பதிய முன் நிலத்தை உடைக்க வேண்டாம்.

2. நான்கு சோதனைகள்

இவற்றுக்குக் காசு தேவையில்லை. யாரும் செய்யலாம்.

தட்டிப் பார்த்தல்: ஒரு தடியால் அடிக்கொரு தடவை நிலத்தைத் தட்டிக்கொண்டு போங்கள். கெட்டியான இடம் ‘டக்’ என்று கேட்கும். வெறும் பானையைத் தட்டியது போலக் கேட்டால், மேற்பூச்சு அடியிலுள்ள கொங்கிறீட்டை விட்டுப் பிரிந்துவிட்டது. அந்த இடங்களைக் கரியால் வட்டமிடுங்கள்.

கோடு போடுதல்: வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதியை எழுதுங்கள். மூன்று, நான்கு வாரம் கழித்து வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் நிலம் இன்னும் அசைகிறது.

தண்ணீர் ஊற்றுதல்: ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கே நிலம் தாழ்ந்திருக்கிறது.

பொலித்தீன் ஒட்டுதல்: நிலம் நன்றாகக் காய்ந்த ஒரு நாளில், இரண்டு அடிச் சதுரப் பொலித்தீனை விரித்து நான்கு ஓரத்தையும் இறுக்கமாக ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது.

3. எந்தப் பழுதுக்கு என்ன வேலை

மயிர் போன்ற வெடிப்பு, கோட்டைத் தாண்டாமல் அப்படியே இருந்தால் பயமில்லை. நிரப்பி மூடினால் போதும்.

வெறுமையாகக் கேட்கும் இடத்தில் மேற்பூச்சை மட்டும் வெட்டி எடுத்துப் புதிதாகப் போடலாம்.

வெடிப்பின் ஒரு பக்கம் மேலும் மறுபக்கம் கீழுமாக இருந்தாலோ, நிலம் பள்ளமாகத் தாழ்ந்திருந்தாலோ, கீழே மண் இறங்கிவிட்டது. எங்கள் பகுதிகளில் இதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு. வீட்டோடு ஒட்டி வெட்டிய பதுங்கு குழி சரியாக நிரப்பப்படாமல் இருப்பது முதலாவது. கூரை இல்லாத காலத்தில் மழைநீர் இறங்கி மண்ணை அரித்தது இரண்டாவது. அரசு, ஆல், வேம்பு போன்றவற்றின் வேர் அடியில் ஓடியது மூன்றாவது. இப்படியான இடத்தில் மேலே எவ்வளவு பூசினாலும் நிற்காது. உடைத்து, கீழிருந்து செய்ய வேண்டும்.

நிலத்து வெடிப்பு சுவரிலும் ஏறியிருந்தால் அத்திவாரமே இறங்கியிருக்கலாம். அதை நிலவேலையாக எண்ணித் தொடங்க வேண்டாம். தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.

4. செய்யும் முறை

வெடிப்பை நிரப்புதல்: உளியால் வெடிப்பை அரை அங்குல அகலமும் ஆழமும் உள்ள வாய்க்காலாக வெட்டுங்கள். மேல்வாயை விட அடி சற்று அகலமாக இருந்தால் நிரப்பிய கலவை கழன்று வராது. தூசை முழுவதும் கூட்டி, கழுவி, ஓர் இரவு ஈரமாக வைத்திருங்கள். காலையில் தேங்கிய நீரை ஒற்றி எடுத்து, சீமெந்துப் பாலைத் தடவி, அது காய முன் ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த கலவையை இறுக்கி அடையுங்கள்.

மேற்பூச்சு மாற்றுதல்: கரியால் வட்டமிட்ட இடத்தைச் சதுரமாக வெட்டுங்கள். ஓரங்கள் நேராக நிற்க வேண்டும். ஓரத்தில் தாள் போல மெலிந்து முடியும் பூச்சுத்தான் முதலில் பெயரும். அடியிலுள்ள கொங்கிறீட்டை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்கி, மேலே சொன்னபடி நனைத்து, சீமெந்துப் பால் தடவி, அதே 1:3 கலவையை முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் போடுங்கள். பழைய சிவப்புச் சீமெந்து நிலமாக இருந்தால் கலவையில் சிவப்புச் சாயத்தூள் சேர்க்கலாம். என்றாலும் பழைய நிறத்தோடு முற்றாகப் பொருந்தாது. ஒட்டுத் தெரிவதைப் பற்றி மனம் வருந்த வேண்டாம், உறுதிதான் முக்கியம்.

தாழ்ந்த நிலம்: கொங்கிறீட்டை உடைத்து எடுங்கள். வேரை அடியோடு தோண்டுங்கள். மேலே வெட்டிவிட்டால் மறுபடி தளிர்க்கும். சேற்றையும் குப்பையையும் மரத்துண்டுகளையும் அகற்றி, கிரவலை ஆறு அங்குலப் படையாகப் போட்டு, நனைத்து, திமிசால் இடித்து இறுக்குங்கள். ஒரு படை இறுகிய பிறகே அடுத்த படை. முழுப் பள்ளத்தையும் ஒரே நாளில் நிரப்பி மேலே மட்டும் இடிப்பதுதான் அதிகமாக நடக்கும் தவறு. பதுங்கு குழி இருந்த இடமென்றால், கூடுமானவரை ஒரு மாரி முழுவதும் விட்டு, இறங்கிய அளவுக்கு மீண்டும் நிரப்பிய பின் கொங்கிறீட் போடுவது நல்லது. அதுவரை அந்த மூலையைச் சாணி மெழுகிய மண் நிலமாக வைத்திருக்கலாம்.

இறுகிய கிரவலின் மேல் ஓர் அங்குலம் மணல் பரப்பி, அதன் மேல் பொலித்தீன் விரியுங்கள். இது ஈரம் ஏறாமல் தடுக்கும். பொலித்தீனின் மேல் மூன்று அங்குலக் கொங்கிறீட்: ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு மணல், ஆறு பங்கு சல்லி. அது கொஞ்சம் இறுகியதும் அன்றைக்கே மேற்பூச்சைப் போட்டால் இரண்டும் ஒன்றாகப் பிடிக்கும்.

5. எவ்வளவு வாங்குவது

பத்து அடிக்குப் பத்து அடி அறைக்கு, கொங்கிறீட்டுக்கு 50 கிலோ பையில் ஏறத்தாழ மூன்றரை, முக்கால் அங்குல மேற்பூச்சுக்கு இரண்டு, மொத்தம் ஐந்தரைப் பை சீமெந்து தேவை. மணல் கிட்டத்தட்ட 18 கன அடி, சல்லி 23 கன அடி. ஒரு கியூப் என்பது 100 கன அடி. ஆகவே ஓர் அறைக்காக ஒரு கியூப் மணலும் ஒரு கியூப் சல்லியும் தனியாக ஏற்றுவது வீண். அயலில் மூன்று, நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஏற்றிப் பங்கிட்டால் ஏற்றுக்கூலி குறையும். அனுமதிப்பத்திரத்தோடு மணல் கொண்டுவருபவரிடமே வாங்குங்கள். கடற்கரை மணலும் உவர்த் தண்ணீரும் வேண்டாம். உப்பு நிலத்தில் பூத்து வரும், கம்பியையும் தின்னும். குடிக்கக்கூடிய தண்ணீராக இருந்தால் கலவைக்கும் நல்லது.

சீமெந்தை அந்த வாரத்துக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். பலகையின் மேல், சுவரில் முட்டாமல் அடுக்கி, தறப்பாளால் மூடுங்கள். விரலால் நசுக்கியும் உடையாத கட்டி உள்ள சீமெந்து நிலத்துக்கு உதவாது.

பங்குகளை மண்வெட்டிக் கணக்கில் அளக்காமல் வாளியால் அளவுங்கள். தண்ணீரைக் குறைத்தே விடுங்கள். மேற்பூச்சுக் கலவையைக் கையில் பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், விரலிடுக்கால் வழியக்கூடாது. கலந்ததை ஒரு மணித்தியாலத்துக்குள் போட்டு முடியுங்கள். இறுகத் தொடங்கிய கலவைக்கு மறுபடி தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டாம். ஈரச் சீமெந்து தோலைப் புண்ணாக்கும். கை கால்களை அடிக்கடி கழுவுங்கள், பிள்ளைகளை விலக்கி வையுங்கள்.

6. ஏழு நாள் ஈரம்

சீமெந்து இறுகுவது வெயிலில் காய்வதால் அல்ல. தண்ணீரோடு சேர்ந்துதான் அது பலமடைகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரண்டு மணித்தியாலத்துக்குள் மேற்பரப்பு வரண்டு, மயிர் வெடிப்பு விழுந்துவிடும். ஆகவே அந்தக் காலத்தில் விடியவோ பின்னேரமோ வேலை செய்யுங்கள். மேற்பரப்பு இறுகியவுடன் ஈரச் சாக்கோ வைக்கோலோ பரப்பி, ஏழு நாளும் காயவிடாமல் நனையுங்கள். மூன்று நாள் யாரும் மிதிக்க வேண்டாம். அலுமாரி, நெல்மூட்டை போன்ற பாரங்களை ஏழு நாளுக்குப் பிறகு வையுங்கள். இந்த வேலைக்கு மேசன் தேவையில்லை. வீட்டில் இருப்பவர் யாரும் செய்யலாம். இதைச் செய்யாமல் விட்டால் மேசன் செய்த நல்ல வேலையும் கெட்டுப்போகும்.

7. வாகனம் நிற்கும் இடம்

உழவு இயந்திரமோ லாண்ட்மாஸ்டரோ நிற்கும் கொட்டிலுக்கு வீட்டு நிலத்தின் கலவை போதாது. நான்கு அங்குலக் கனத்தில் 1:2:4 கொங்கிறீட் போட்டு, 28 நாள் கழித்து வாகனத்தை ஏற்றுங்கள். பழைய நிலத்தில் எண்ணெய் ஊறியிருந்தால் அதன் மேல் புதிய கலவை பிடிக்காது. கழுவியும் போகாவிட்டால் அந்தப் பகுதியைக் கொத்தி எடுங்கள்.

கனடாவிலோ நோர்வேயிலோ இருக்கும் உறவினர், தங்கள் கராஜ் நிலத்துக்குச் செய்த முறையைத் தொலைபேசியில் சொல்லக்கூடும். அங்கே நிலம் கெடுவது குளிரால். கொங்கிறீட்டின் நுண்துளைகளுக்குள் போன தண்ணீர் உறைந்து, ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருத்து, மேற்பரப்பைச் செதிள் செதிளாக உடைக்கிறது. பனியைக் கரைக்கத் தெருவில் போடும் உப்பு, கார்ச் சில்லோடு உள்ளே வந்து அதை இன்னும் கெடுக்கிறது. அதனால் மிகச் சிறிய காற்றுக் குமிழிகள் சேர்த்த கொங்கிறீட்டை அங்கே பயன்படுத்துகிறார்கள். திருத்த வேலையையும் குளிர் குறைந்த காலத்தில் செய்கிறார்கள். நம் ஊரில் தண்ணீர் உறைவதில்லை. எங்களுக்கு எதிரி கீழே இறங்கும் மண்ணும் மேலே அடிக்கும் வெயிலும். உறவினர் காசு அனுப்பினால், விலை கூடிய வெளிநாட்டுப் பூச்சு வாங்காமல் கிரவலுக்கும் நல்ல சல்லிக்கும் செலவிடுங்கள்.

8. மேசனோடு கதைக்கும்போது

வீட்டுப் பொறுப்பைத் தனியே சுமக்கும் பெண்கள் பலர், மேசனிடம் கேள்வி கேட்கத் தயங்குகிறார்கள். காசு உங்களுடையது, வீடும் உங்களுடையது. வேலை தொடங்க முன் மரியாதையாக இந்த மூன்றையும் கேளுங்கள்: “அண்ணை, கீழ் மண்ணை எத்தனை படையாக இடிப்பீங்கள்? கலவையை எதால அளப்பீங்கள்? பழைய நிலத்தை எப்ப நனைக்க வேணும்?” நல்ல மேசன் இதற்குக் கோபிக்கமாட்டார். கூலியை இரண்டாகப் பிரித்து, கீழ் நிரப்பல் முடிந்ததும் ஒரு பகுதியும், நிலம் ஏழு நாள் நனைந்து தட்டிப் பார்த்த பிறகு மற்றப் பகுதியும் கொடுப்பதாக முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

நினைவில் வைக்க

• வெடிபொருள் ஆபத்து இல்லை என்று உறுதியான பிறகே கிண்டுங்கள்.
• தட்டி, கோடு போட்டு, தண்ணீர் ஊற்றி, பொலித்தீன் ஒட்டிப் பாருங்கள்.
• தாழ்ந்த இடத்தில் பூசவேண்டாம். உடைத்துக் கீழிருந்து செய்யுங்கள்.
• ஆறு அங்குலத்துக்கு ஒரு தடவை இடியுங்கள்.
• ஏழு நாள் நனையுங்கள்.

எல்லா அறையையும் ஒரே தடவையில் செய்யக் காசு காணாவிட்டால், பிள்ளைகளும் வயதானவர்களும் படுக்கும் அறையை முதலில் முறையாகச் செய்து முடியுங்கள். மற்ற அறைகள் அடுத்த போகத்து நெல் விற்கும்வரை மண் நிலமாக இருக்கட்டும்.