ஐந்து ரூபாயின் மூன்று அவதாரம்

சித்தூர்

அன்புள்ள பானுவுக்கு,

மாமா எழுதுவது. ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டுகிறது, ஐந்து ரூபாய் ஏன் ஒட்டவில்லை என்று கேட்டிருந்தாய். முன்னதில் இரும்பு இருக்கிறது, பின்னதில் இல்லை என்று அம்மா சொன்னாளாம். சரிதான், ஆனால் பாதி பதில்.

இன்றைய ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் 83 பங்கு இரும்பும் 17 பங்கு குரோமியமும் கலந்த எஃகு. ஐந்து ரூபாயில் செம்பு 75, துத்தநாகம் 20, நிக்கல் 5. வேடிக்கை இந்த நிக்கலில்தான். காந்தம் இழுக்கும் உலோகம் அது. ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட 1947ஆம் ஆண்டு ரூபாய் சுத்த நிக்கல். காந்தத்தைக் காட்டினால் பாய்ந்து ஒட்டும். ஆனால் 1992இல் வந்த 9 கிராம் ஐந்து ரூபாயில் நிக்கல் கால் பங்கு இருந்தும் ஒட்டாது, மீதி முழுக்கச் செம்பு.

காரணம் எலெக்ட்ரான்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். ஜோடி சேர்ந்தால் ஒன்றின் விசையை மற்றொன்று அழித்துவிடும். இரும்பிலும் நிக்கலிலும் ஜோடியில்லாதவை மிஞ்சி, ஒரே திசையில் அணிவகுக்கின்றன. செம்பு நிறையக் கலந்தால் அதன் எலெக்ட்ரான்கள் நிக்கலின் காலியிடங்களை நிரப்பிவிடும், அணிவகுப்பு கலைந்துவிடும். இன்னொரு விசித்திரம்: குரோமியத்தோடு 8 பங்கு நிக்கலும் சேர்ந்த எவர்சில்வர் டம்ளரில் பெரும்பகுதி இரும்புதான், ஆனாலும் காந்தம் சட்டை செய்யாது. நிக்கல் அங்கே இரும்பு அணுக்களின் அடுக்கையே மாற்றிவிடுகிறது.

ஆக, எந்த உலோகம் என்பதோடு எதனோடு சேர்ந்திருக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

அரசாங்கம் ஏன் உலோகத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது? முகமதிப்பைவிட உலோகத்தின் விலை ஏறினால், காசை உருக்கி விற்கக் கிளம்பிவிடுவார்கள். அதனால்தான் 2007இல் ஐந்து ரூபாயும் 6 கிராம் எஃகானது. 2009இல் மறுபடி மாறி மஞ்சளானது.

திருமலையில் காணிக்கை எண்ணும் இடமான பரகாமணியில் உண்டியல் காசைப் பிரிக்கக் காந்தம் மட்டும் போதுமா என்றும் கேட்டிருந்தாய். போதாது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் இரண்டுமே ஒட்டுமே! அளவும் எடையும் பார்த்துத்தான் பிரிக்க முடியும்.

சில்லறையில் 2007 என்று போட்ட வெள்ளை ஐந்து ரூபாய் வந்தால் செலவழித்துவிடாதே. ஆண்டுக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத்தில் அச்சடித்தது. மாமாவுக்கும் ஒன்று எடுத்து வை.

அன்புடன்,
மாமா