பறக்கும் ஊர்தியைப் படம் பிடித்தல்

சென்னை மெரினாக் கடற்கரையில் 2024ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் இந்திய விமானப்படையின் சாகசக் காட்சி நிகழ்ந்தது. மணிமுத்தாற்றிலிருந்து சென்றிருந்த என் பெயரன் இரு படங்கள் கொணர்ந்தான். சூரியகிரண் ஜெட் விமானங்களின் படம் துலக்கமாக இருந்தது. காமிராவின் கண் ஒரு நொடியில் 2000இல் ஒரு பங்கு நேரமே திறந்திருந்தமையால், விமானத்தின் விரைவு படத்தைக் கலைக்கவில்லை. அதே அளவில் எடுத்த சாரங் ஹெலிகாப்டரோ, மேல்விசிறி அசைவற்று, அந்தரத்தில் தொங்கும் பொம்மையாகத் தோன்றியது! விசிறி சுழல்வதாகத் தெரிய, 125இல் ஒரு பங்கு நேரமேனும் திறத்தல் வேண்டும்.

நேரம் நீண்டால் ஊர்தியும் கலங்குமன்றோ? அதனைத் தவிர்க்கக் காமிராவை ஊர்தியோடு ஒத்த விரைவில் திருப்புதல் வேண்டும். கால்கள் ஊன்றி நிற்க, இடை மட்டும் திரும்பவேண்டும். பொத்தானை அழுத்திய பின்னும் திருப்புதலை நிறுத்தலாகாது.

பெயரன் இப்பொழுது அணைக்கரையில் நின்று, பறக்கும் நீர்க்காகங்களைத் தொடர்ந்து பழகி வருகிறான். பத்தில் ஒன்பது பழுது. பத்தாவதை எனக்குக் காட்டினான். சிறகு கலங்கியிருந்தது, கண் தெளிந்திருந்தது.